வலைப்பாடு: ஓர் ஊரின் பெயரும் ஒரு தொழிற்சொல்லும்

யாழ்ப்பாணக் கடல்நீரேரிக்குத் தெற்கே, பூநகரிக் கரையில் வலைப்பாடு என்றோர் ஊர் உண்டு. அப்பெயரிலுள்ள 'பாடு' என்னும் சொல்லைக் கமக்காரராகிய நீங்கள் துன்பம் என்றே விளங்கிக்கொள்வீர்கள். முகாமில் அடுத்த கொட்டிலில் இருந்த கடற்றொழிலாளர் "எங்கட பாடு போச்சுது" என்றால், அவர் தம் கஷ்டத்தைச் சொல்லவில்லை. இழந்த சொத்தைச் சொல்லுகிறார்.

கரைவலைத் தொழிலில் பாடு என்பது வலை வளைத்து இழுக்கும் கரைத்துண்டு. தோணியில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்துவிட்டு, இருபுறக் கயிறுகளையும் கரையில் நின்று இழுப்பார்கள். மீன் நடுவிலுள்ள மடியில் சேரும். கடலடியில் கல்லிருந்தால் வலை கிழிந்துவிடும். ஆகையால் எல்லாக் கரையும் பாடாகாது. வடமராட்சி கிழக்கில் தாளையடி, கட்டைக்காடு பக்கத்தார் இதை நன்கறிவர். பாடு குறைவு, வலைகள் அதிகம் என்றால் முறை வைத்தே இழுக்கவேண்டும்.

சொல்லின் பிறப்பு இலகுவானது. கெடு என்பது கேடு ஆனதுபோல, பெறு என்பது பேறு ஆனதுபோல, படு என்பது முதல் நீண்டு பாடு ஆயிற்று. மீன் வலையில் படுகிறது. துன்பம் நம்மேல் படுகிறது. பெரிய வெள்ளியில் நாம் வாசிக்கும் ஆண்டவரின் பாடுகளும் இந்த வேரில் வந்தவையே. ஊர்ப்பெயரிலோ துன்பமில்லை, பிழைப்பே உண்டு. (2008இன் பிற்பகுதியில் அந்த ஊரும் இடம்பெயர்ந்தது வேறு கதை.)

உங்கள் பங்குக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். பாட்டு முறையும் இறைப்பு முறையும் ஒரே வகையானவை. கடலை விட்டுத் தூரத்தில் வீடு கட்டிக் கொடுத்தால், வீடு கிடைக்கும், பாடு கிடைக்காது. தோட்டக்காணிக்குப் பதிலாக வெறும் குடியிருப்புக்காணி தருவதும் அப்படியே. இதை மீள்குடியேற்றக் கூட்டங்களில் அதிகாரிகளுக்கு விளங்கப்படுத்த நாம் பட்ட பாடு கொஞ்சமல்ல!

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களில் உறுதியைக் காப்பாற்றி வைத்திருந்தோர், காணி விடுபட்டபோது அதைக் காட்டி எல்லை கேட்க முடிந்தது. ஆனால் உறுதியில் கிணற்றுப் பங்குதான் இருக்கும். யாருக்கு எந்த நாள் இறைப்பு என்பது இராது. கரைவலைக்கும் அரச உரிமம் உண்டு, ஊர்முறை அதில் முழுதும் வராது. இவை மூத்தவர்களின் நினைவிலேயே இருக்கின்றன. ஐயாமார், அம்மாமார் இருக்கும்போதே கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி, பங்காளிகள் எல்லோரிடமும் கையொப்பம் வாங்கி வையுங்கள்.