ஆயிரம் கடிதம், ஒரே கை

தகவல் தொழில்நுட்ப விதிகளுக்கான மத்திய அரசின் திருத்த வரைவு மீது கருத்து அனுப்ப முதலில் அறிவிக்கப்பட்ட கடைசி நாள் 2025 நவம்பர் 6. செயற்கை நுண்ணறிவு (ஏஐ) உருவாக்கும் காட்சிகளில் 10% பரப்புக்கு அடையாளக் குறிப்பு வேண்டும் என்றது அந்த வரைவு. வாசகர் கடிதங்களிலோ வேறொரு கேள்விதான் அதிகம்: கருத்துக் கடிதத்தையே ஏஐ எழுதி அனுப்பினால் என்ன ஆகும்?

இயந்திரம் ‘பொதுமக்கள்’ ஆவது எப்படி?

2019-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம், ஏழைகளுக்கான மெடிகெய்ட் மருத்துவ உதவித் திட்டத்தில் மாற்றம் கேட்டது. அதற்கான கருத்துக் கேட்பில் ஹார்வர்டு மாணவர் மேக்ஸ் வைஸ், ஜிபிடி-2 என்ற ஏஐ மென்பொருள் எழுதிய 1,001 கடிதங்களை அனுப்பினார். அரசுத் தளம் அனைத்தையும் ஏற்றுக்கொண்டது. மொத்தம் வந்தவையே 1,810. எது மனிதர் எழுதியது என்று கண்டுபிடிக்கச் சொன்னபோது, கடிதங்களைப் படித்துப் பார்த்தவர்களின் விடைகளில் பாதிதான் சரி. நாணயத்தைச் சுண்டினாலும் அவ்வளவு வரும். பிறகு வைஸ் அதிகாரிகளிடம் தெரிவித்து, கடிதங்களைத் திரும்பப் பெற்றார்.

சூட்சுமம் இதுதான். ஒரே வாசகம் நூறு பெயர்களில் வந்தால், மென்பொருள் ஒப்பிட்டு ஒரே கட்டாகக் கட்டிவிடும். ஏஐ ஒரே வாதத்தை ஒவ்வொரு முறையும் வேறு சொற்களில் எழுதுவதால் அந்த ஒப்பீடு தோற்றுப்போகிறது. 2017-இல், இவ்வளவு திறமை இல்லாத மென்பொருளே போதுமானதாக இருந்தது. இணையச் சமவாய்ப்பு (நெட் நியூட்ராலிட்டி) குறித்து அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்துக்கு வந்த 2.2 கோடி கருத்துகளில் ஏறத்தாழ 1.8 கோடி போலி என்று நியூயார்க் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் கண்டறிந்தது. அவற்றில் 77 லட்சத்துக்கு மேல் கல்லூரி மாணவர் ஒருவரின் வேலை.

போலி ஆதரவைவிட எனக்குக் கவலை தருவது இதன் மறுபக்கம். இனி உண்மையான எதிர்ப்பையும் ‘எல்லாம் ஏஐ’ என்று ஒதுக்கிவிட அரசுகளுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது.

இங்கே நிலைமை?

நம் ஊரில் கருத்துக் கேட்பு என்பது, வரைவை இணையத்தில் போட்டுவிட்டுக் கடிதங்களை வாங்கிக்கொள்வது. மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டுக் கொள்கை குறைந்தது 30 நாள் அவகாசம் தரச் சொல்கிறது. தகவல் தொழில்நுட்ப விதிகளின் வரைவுக்கு முதலில் கிடைத்தது 15 நாள். வந்த கருத்துகளின் சுருக்கத்தை வெளியிடவும் அதே கொள்கை சொல்கிறது. ஆனால், 2025 தொடக்கத்தில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு வரைவு விதிகளுக்கு வரும் கருத்துகள் யாருக்கும் வெளியிடப்படாது என்றே தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அறிவித்தது. பூட்டிவைத்த கட்டில் எது போலி என்று யார் சோதிப்பது?

ஏஐ உதவியோடு எழுதலாமா?

மொழியைத் திருத்திக்கொள்ளலாம்; கருத்து உங்களுடையதாக இருக்கட்டும்.

பலர் ஒரே கடிதத்தை அனுப்பினால்?

அனுப்பலாம். அனுப்புவோர் உண்மையான மனிதர்கள்தானே.

எதை எழுதுவது?

எந்த விதி, உங்களை எப்படிப் பாதிக்கும், என்ன மாற்றம் வேண்டும்.

கடைசி வரியில் இதையும் சேருங்கள்: வந்த கருத்துகளையும் அவற்றுக்கான பதில்களையும் அமைச்சகம் வெளியிட வேண்டும்.