4,750 டாலர் துப்பாக்கி

ஸ்நைப்பர் துப்பாக்கிகளில் எது சிறந்தது என்று கேட்டால், வீடியோ கேம் ஆடும் பிள்ளைகள் முதலில் எடுப்பது ‘டேமேஜ்’ கணக்கைத்தான். எதிராளிக்கு நூறு உயிர்ப்புள்ளி இருக்கும். ஒரு குண்டு அதில் எத்தனையைக் கழிக்கிறது என்பதே டேமேஜ். அதிகம் கழித்தால் நல்ல துப்பாக்கி, குறைவாகக் கழித்தால் மட்டம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் இந்தக் கணக்கு பாதி வழியில் நின்றுவிடும். துப்பாக்கி என்ன தருகிறது என்று கேட்பதோடு, வைத்திருப்பவரிடமிருந்து எதையெல்லாம் பிடுங்கிக்கொள்கிறது என்றும் கேட்டால்தான் ஒப்பீடு உருப்படும். இதற்குக் கவுன்டர்-ஸ்ட்ரைக்கைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. அங்கே ஒவ்வொரு துப்பாக்கிக்கும் விலை போட்டே வைத்திருக்கிறார்கள்.

‘ஹாஃப்-லைஃப்’ என்ற விளையாட்டின் மேல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இருவர் 1999-இல் கட்டிய ஒட்டுவேலைதான் கவுன்டர்-ஸ்ட்ரைக். அடுத்த ஆண்டே வால்வ் நிறுவனம் அதைத் தன் சரக்காக வெளியிட்டது. 2023-இல் வந்த இரண்டாம் பாகம் வரை அடிப்படை மாறவில்லை. ஐந்து பேருக்கு ஐந்து பேர். ஒரு தரப்பு வெடிகுண்டு வைக்க வரும், மறு தரப்பு தடுக்கும். செத்தவர் அந்த ரவுண்ட் முடியும்வரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இப்போதைய விதிப்படி 13 ரவுண்டை முதலில் எட்டும் அணிக்கு வெற்றி. ஒவ்வொரு ரவுண்டின் தொடக்கத்திலும் கடை திறக்கும். கையில் இருக்கும் காசுக்கு ஏற்பத் துப்பாக்கியும் கவசமும் வாங்க வேண்டும். ஆளைச் சுட்டால் காசு, வென்றால் காசு, தோற்றாலும் ஆறுதலாகக் கொஞ்சம் காசு. உயிரோடு தப்பினால் வாங்கிய துப்பாக்கி அடுத்த ரவுண்டுக்கும் கூடவே வரும். செத்தால் அது கீழே விழும், எதிராளிகூட எடுத்துக்கொள்ளலாம். விஷயமே இந்தக் கடைசி விதியில்தான் இருக்கிறது.

கடையில் இருக்கும் ஸ்நைப்பர்களில் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்து விட வேண்டியவை இரண்டு. ஒன்று ஏடபிள்யூபி, விலை 4,750 டாலர். மற்றது எஸ்எஸ்ஜி 08. பழைய பெயரை விடாமல் ‘ஸ்கவுட்’ என்றே ஆடுபவர்கள் சொல்கிறார்கள், விலை 1,700. (தானியங்கி ஸ்நைப்பர்கள் 5,000 டாலருக்கு உண்டு. அவற்றை வாங்குபவரைச் சொந்த அணிக்காரர்களே முறைப்பார்கள் என்பதால் இங்கே விட்டுவிடலாம்.) ஏடபிள்யூபியின் அடிப்படை டேமேஜ் 115, கவசம் போட்ட மார்பில் பட்டாலும் 112 கழியும், ஆள் காலி. காலில் பட்டால்தான் 14 புள்ளியோடு பிழைப்பான். ஸ்கவுட்டின் டேமேஜ் 88. தலையில் பட்டால் ஹெல்மெட் இருந்தாலும் ஆள் காலிதான். ஆனால் கவசம் போட்ட மார்பில் பட்டால் 74 மட்டுமே கழியும். வயிற்றில் பட்டால் 93 வரை போகும், எதிராளி ஏழு புள்ளியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி ஒளிவான்.

‘டஸ்ட் 2’ என்ற புகழ்பெற்ற களத்தில் இந்த வித்தியாசத்தை நேரிலேயே பார்க்கலாம். நடுவழியின் கோடியில் இரட்டைக் கதவு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஓர் இடுக்கு. தடுக்கும் அணியினர் களத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக அந்த இடுக்கைத் தாண்டி ஓட வேண்டும். தாக்கும் அணியின் ஸ்நைப்பர் மறுமுனையில் நின்று ஸ்கோப்பை அந்த இடுக்கில் வைத்துக் காத்திருப்பார். ஓர் உருவம் கண்ணிமைக்கும் நேரம் தெரிந்து மறையும். அந்த நேரத்துக்குள் தலையைத் தேடிக் குறிவைப்பது பெரும்பாடு. உடம்பில் எங்காவது படுமாறு சுடுவது சாத்தியம். அதனால் இங்கே ஏடபிள்யூபிக்குத்தான் ராஜயோகம். ஸ்கவுட்டால் சுட்டால் பெரும்பாலும் காயம்பட்ட ஓர் எதிரிதான் மிஞ்சுவான். இவ்வளவோடு நிறுத்தினால் ஒப்பீடு முடிந்த மாதிரித்தான், ஏடபிள்யூபியே சிறந்தது.

இப்போது காசுக் கணக்குக்கு வருவோம். கவசமும் ஹெல்மெட்டும் சேர்த்து 1,000 டாலர். ஸ்கவுட்டும் முழுக் கவசமும் சேர்ந்து 2,700. வெறும் ஏகே-47 ஒன்றின் விலையும் அதுவேதான். ஏடபிள்யூபியோடு கவசம் என்றால் 5,750. தோற்ற அணிக்குக் கிடைக்கும் ஆறுதல் தொகை 1,400-இல் தொடங்கி, தொடர்ந்து தோற்றால் 3,400 வரை ஏறும். உச்சத்தொகை கிடைத்தாலும் அது மட்டும் போதாது. வருமானத்திலும் ஓரவஞ்சனை உண்டு. ஸ்கவுட்டால் ஒருவரை வீழ்த்தினால் 300 டாலர், ஏடபிள்யூபியால் வீழ்த்தினால் 100. ஆறு பேரைச் சுட்டால் ஸ்கவுட் தன் விலையை மீட்டுவிடும். ஏடபிள்யூபியால் 47 பேரைச் சுட்டாலும் முதல் தேறாது. போதாக்குறைக்கு நடையும் தளரும். கத்தியோடு ஓடுபவரின் வேகத்தை 250 என்று வைத்தால், ஸ்கவுட்டோடு 230, ஏகேயோடு 215, ஏடபிள்யூபியோடு 200. ஸ்கோப்பில் கண் வைத்துவிட்டால் 100தான். ஒரு குண்டு தவறினால் அடுத்ததற்கு ஏறத்தாழ ஒன்றரை வினாடி காத்திருக்க வேண்டும். எதிரி மூலையில் திரும்பி நேருக்கு நேர் வந்துவிட்டால் அந்த ஒன்றரை வினாடி ஒரு யுகம். கையிருப்பைத் துடைத்து இதை வாங்கிவிட்டு முதல் மூலையிலேயே சாவது கடன் வாங்கிப் பட்டுச்சேலை எடுத்துச் சேற்றில் விழுந்த கதைதான். போதாததற்கு, அந்தச் சேலையை எடுத்துக் கட்டிக்கொள்ள எதிராளி காத்திருக்கிறான்.

அப்படியானால் தொழில்முறை அணிகள் ஏன் விடாமல் ஏடபிள்யூபியையே வாங்குகின்றன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 2021-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த மேஜர் போட்டியில் நேட்டஸ் வின்செரே அணி ஒரு களத்தைக்கூட இழக்காமல் கோப்பையை வென்றது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பெயரை ‘சிம்பிள்’ வாங்கினார், அவர் அந்த அணியின் ஏடபிள்யூபிக்காரர். ஆனால் அதே அணிகள் காசு குவிந்து கிடக்கும் ரவுண்டிலும் ஐந்து ஏடபிள்யூபி வாங்குவதில்லை. பெரும்பாலும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. டேமேஜ் மட்டுமே பேசுமானால் ஐவரும் அதைத்தான் தூக்க வேண்டும். ஏகே, எம்4 போன்ற ரைபிள் வைத்திருப்பவர்கள் நெருக்கத்தைக் காத்துக்கொடுத்தால்தான் ஒருவரால் தூரத்தைக் காக்க முடியும். சில ரவுண்டுகளில் ஸ்நைப்பருக்கு இன்னொருவரே வாங்கிக் கீழே போட்டுக்கொடுக்கிறார். ரவுண்ட் கைவிட்டுப் போனதும் நடப்பது இதைவிட முக்கியம். ஏடபிள்யூபி வைத்திருப்பவர் சண்டையை விட்டுவிட்டு ஒரு மூலையில் பதுங்கிவிடுவார், துப்பாக்கியை அடுத்த ரவுண்டுக்குக் காப்பாற்றுவதற்காக. ஸ்கவுட்டுக்காக அப்படிப் பதுங்குபவரை அரிதாகத்தான் பார்க்க முடியும். சொந்தக்காரரைத் தனக்குக் காவலாளி ஆக்கிவிடும் துப்பாக்கியை எந்த டேமேஜ் பட்டியலும் நமக்குக் காட்டாது.

நிஜத்திலும் பெரிய துப்பாக்கி பலமானது, அதைத்தானே விளையாட்டில் காட்டுகிறார்கள் என்பது இன்னொரு வாதம். இது நிற்காது. நிஜ ஏடபிள்யூபி இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் இருக்கும் அக்யூரசி இன்டர்நேஷனல் நிறுவனம் காவல்துறைக்காகச் செய்தது. எஸ்எஸ்ஜி 08 ஆஸ்திரியாவின் ஸ்டெய்ர் நிறுவனத்தின் தயாரிப்பு. இரண்டுமே 7.62 மில்லிமீட்டர் நேட்டோ குண்டைச் சுடும் வகையில் கிடைப்பவை. விளையாட்டோ ஏடபிள்யூபியின் வயிற்றில் மட்டும் .338 லாபுவா மேக்னம் என்ற பெரிய குண்டை அடைத்திருக்கிறது. ஸ்கவுட்டுக்குக் கொடுத்த சலுகை இன்னும் வேடிக்கையானது: குதித்து உச்சியில் மிதக்கும் கணத்தில் சுட்டால் பெரும்பாலும் குறி தப்பாது. எந்த ராணுவப் பயிற்சியாளரும் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். விலை குறைந்த துப்பாக்கிக்கும் ஒரு வாழ்வு வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் நினைத்தார்கள், அதனால் அதற்கு இறக்கை கட்டினார்கள்.

கை பழகியவனுக்கு எந்தத் துப்பாக்கியானால் என்ன என்று சொல்பவர்களும் உண்டு. திறமை வேண்டும்தான், ஆனால் எந்தத் திறமை என்பதை இந்த எண்களே முடிவு செய்கின்றன. ஏடபிள்யூபி பொறுமையைக் கேட்கிறது, ஸ்கவுட் தலையை மட்டும் தேடும் துல்லியத்தைக் கேட்கிறது. துப்பாக்கி பிடுங்கிக்கொள்வதுதான் கணக்கு என்பதை வால்வ் நிறுவனமே ஒப்புக்கொண்ட மாதிரி நடந்துகொண்டிருக்கிறது. ஏடபிள்யூபியின் கொட்டம் அதிகமாகிவிட்டது என்ற புகார் வந்தபோது, 2015 மார்ச்சில் ஸ்கோப் போட்டு நடக்கும் வேகத்தைக் குறைத்தார்கள். 2022 நவம்பரில் மேகசினில் இருந்த பத்து குண்டை ஐந்தாக்கினார்கள். இரண்டு முறையும் 115 என்ற எண்ணில் கை வைக்கவே இல்லை. துப்பாக்கியின் பலம் அப்படியே இருக்க, வைத்திருப்பவருக்கு ஆகும் செலவை மட்டும் கூட்டினார்கள்.

கடையே இல்லாத விளையாட்டுக்கும் இது பொருந்துமா? பப்ஜி என்ற விளையாட்டில் பொருந்துகிறது. நம் ஊரில் 2020-இல் தடையான அதன் மொபைல் வடிவம், அடுத்த ஆண்டு பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. அதில் கார் 98கே என்ற ஸ்நைப்பர் வீடுகளில் தேடினால் கிடைக்கும். ஏகேஎம் ரைபிள் சுடும் அதே 7.62 குண்டுதான், தேடி அலைய வேண்டாம். மூன்றாம் நிலை ஹெல்மெட் போட்டவனை இந்தத் துப்பாக்கியால் ஒரே குண்டில் வீழ்த்த முடியாது. ஏடபிள்யூஎம் என்ற இன்னொரு ஸ்நைப்பரால் முடியும். ஆனால் அது பொதுவாக விமானம் போடும் ஏர்டிராப் பெட்டியில்தான் வரும், குண்டும் அதே பெட்டியில் அளந்து வைத்த இருபதுதான். விமானச் சத்தம் எல்லார் காதிலும் விழும், பாராசூட் எல்லார் கண்ணிலும் படும், பெட்டி விழுந்த இடத்தில் சிவப்புப் புகை எழும். ஆசைப்பட்டு ஓடுபவரை மேட்டிலிருந்து கார் 98கேவின் ஸ்கோப்பில் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். பெட்டியைத் திறக்கக் குனிபவர் தலையில் இருப்பது பெரும்பாலும் இரண்டாம் நிலை ஹெல்மெட்தான். அதைத் துளைக்கக் கார் 98கேவுக்கு ஒரு குண்டு போதும்.