வங்கித் தளம் திறக்கவில்லையா? பதறாமல் பழுதைத் தேடுவோம்

மகளின் தேர்வுக் கட்டணத்தைச் செலுத்த இன்றே கடைசி நாள். இரவு எட்டரை மணி. வீட்டுக் கணினியின் முன் அமர்ந்து வங்கியின் இணையதள முகவரியை இடுகிறீர்கள். திரையில் சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. சற்று நேரத்தில், இத்தளத்தை அணுக இயலவில்லை என்னும் அறிவிப்பு தோன்றுகிறது. நெட்பேங்கிங் பயன்படுத்தும் வாடிக்கையாளர் பலருக்கும் இந்த அனுபவம் புதிதன்று.

இத்தகைய பழுதுகளுள் பலவற்றை நாமே சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம். ஆனால் அதே சில நிமிடங்களில் பதற்றத்தால் செய்யும் ஒரு தவறு, கணக்கிலுள்ள பணத்துக்கே கேடாக முடியலாம். எனவே பழுதை எந்த வரிசையில் தேடுவது, எதைச் செய்யவே கூடாது என்னும் இரண்டையும் அறிந்து வைத்திருப்பது நலம்.

பழுது எங்கே இருக்கிறது?

வங்கித் தளம் திறக்காமைக்குக் காரணம் மூன்று இடங்களுள் ஒன்றில் இருக்கும்: வங்கியின் கணினி அமைப்பு, இடையிலுள்ள இணைய இணைப்பு, உங்கள் கணினி. இவற்றுள் எது என்பதை இரண்டு எளிய சோதனைகளால் அறியலாம்.

முதலாவதாக, நன்கு அறிந்த வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்கவில்லையெனில் குறை பெரும்பாலும் இணைப்பில் இருக்கிறது. அது திறந்தால் இரண்டாவது சோதனைக்குச் செல்லுங்கள். கைப்பேசியில் வைஃபையை நிறுத்திவிட்டு, மொபைல் டேட்டா வழியாக வங்கித் தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கும் திறக்கவில்லையெனில், வங்கித் தரப்பில் பராமரிப்புப் பணியோ தடங்கலோ இருக்கலாம். சிறிது நேரம் காத்திருப்பதே தக்கது. கைப்பேசியில் திறந்து கணினியில் மட்டும் திறக்கவில்லையெனில், குறை வீட்டுக்குள்தான் இருக்கிறது.

இணைப்பைச் சீர்செய்தல்

ரவுட்டரின் மின்இணைப்பைத் துண்டித்து, அரை நிமிடம் கழித்து மீண்டும் இணையுங்கள். அது முழுமையாக இயங்கத் தொடங்கச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் கணினியையும் மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் கணினியில் ஷட் டவுன் செய்து மீண்டும் இயக்குவதும், ரீஸ்டார்ட் செய்வதும் ஒன்றல்ல. வேகமான தொடக்கத்துக்காக, ஷட் டவுன் செய்யும்போது கணினி தன் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்ளக்கூடும். ரீஸ்டார்ட் செய்தால்தான் அனைத்தும் புதிதாகத் தொடங்கும்.

இதனால் மற்றொரு நன்மையும் உண்டு. நாம் எழுத்தில் இடும் தள முகவரியைக் கணினிகள் புரிந்துகொள்ளும் எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ் என்னும் அமைப்பு. பெயரைக் கொண்டு எண்ணைத் தேடித் தரும் தொலைபேசிக் கையேடு போன்றது அது. ஒருமுறை தேடிய எண்ணைக் கணினி சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும். அவ்வெண் மாறியிருந்தால், பழைய எண்ணையே நாடித் தோல்வியுறும். மறுதொடக்கம் செய்தால் அந்தப் பழைய நினைவு நீங்கும். விபிஎன் மென்பொருள் இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திவிட்டு முயலுங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதாகத் தோன்றும் இணைப்புகளை வங்கித் தளங்கள் தடுப்பதுண்டு.

கணினியைச் சோதித்தல்

அடுத்து, திரையின் மூலையிலுள்ள தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் தன் அடையாளத்துக்கு ஒரு மின்னணுச் சான்றிதழைக் காட்டும். அச்சான்றிதழ் குறிப்பிட்ட தேதி முதல் குறிப்பிட்ட தேதி வரை மட்டுமே செல்லும். கணினியின் தேதி சில ஆண்டுகள் பின்தங்கியிருந்தால், நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தோன்றும். பழைய கணினிகளில் இது அடிக்கடி நேர்வதற்குக் காரணம், உள்ளே நேரத்தைக் காத்துவரும் நாணய வடிவச் சிறு பேட்டரி தீர்ந்துபோவதே. தேதியைத் திருத்தியும் ஒவ்வொரு முறையும் அது மாறிவிட்டால், அந்தப் பேட்டரியை மாற்ற வேண்டும்.

தேதி சரியாக இருந்தும் தளம் திறக்கவில்லையெனில், உலாவியின் தனிமறைவுச் சாளரத்தில் முயலுங்கள். அங்கே திறந்தால், உலாவி முன்பு சேமித்து வைத்த கோப்புகளும் குக்கீகளுமே தடை என்று கொள்ளலாம்; அமைப்புகள் பகுதிக்குச் சென்று அவற்றை நீக்கினால் போதும். உலாவியுடன் இணைத்திருக்கும் கூடுதல் நிரல்களும் காரணமாகலாம். அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். பணம் செலுத்தும் பக்கம் மட்டும் தோன்றவில்லையெனில், பாப்-அப் தடுப்பு வங்கித் தளத்தையும் தடுக்கிறதா என்று பாருங்கள்.

கணினியின் வயதும் கருதத்தக்கது. விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்றும் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 7-இல் குரோம் உலாவியின் புதிய பதிப்புகள் 2023 முதல் இயங்குவதில்லை. பழைய பாதுகாப்பு முறைகளை மட்டுமே அறிந்த உலாவியை வங்கித் தளங்கள் ஏற்க மறுப்பது, உங்கள் பணத்தைக் காக்கும் பொருட்டே.

எச்சரிக்கையை மீறாதீர்கள்

உங்கள் இணைப்பு பாதுகாப்பானதன்று என்னும் அறிவிப்பு வந்தால், அதைக் கடந்து செல்லும் வழியையும் உலாவி சில நேரங்களில் காட்டும். வங்கித் தளத்துக்கு அவ்வழியை ஒருபோதும் நாடாதீர்கள். எல்லாத் தளங்களிலும் அவ்வறிவிப்பு வந்தால் தேதியில் பிழை இருக்கலாம். தேதி சரியாக இருந்து, வங்கித் தளத்துக்கு மட்டும் வந்தால், நீங்கள் வேறொரு போலித் தளத்துக்குத் திருப்பப்பட்டிருக்கக்கூடும். வீட்டு வைஃபையில் வந்து மொபைல் டேட்டாவில் வரவில்லையெனில், ரவுட்டரின் அமைப்புகளை யாரேனும் மாற்றியிருக்கலாம். இணையச் சேவை நிறுவனத்தின் உதவியுடன் அதைச் சரிசெய்து, ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றும்வரை, அவ்விணைப்பில் வங்கிப் பணி எதையும் செய்ய வேண்டாம்.

முகவரியையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். இந்திய வங்கிகள் தம் தளங்களை "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025-இல் பணித்து, அவ்வாண்டு அக்டோபர் 31-ஐ இறுதி நாளாகக் குறித்தது. இம்முகவரி வங்கிகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. உலாவியில் முன்பு குறித்து வைத்த பழைய முகவரி திறக்கவில்லையெனில், இம்மாற்றமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆபத்தான ஐந்து நிமிடங்கள்

தளம் திறக்காதபோது பலரும் செய்வது, வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடுவது. மோசடிக்காரர்கள் காத்திருப்பது இத்தருணத்துக்காகவே. வங்கியின் பெயரில் போலி எண்களை அவர்கள் இணையத்தில் பரப்பி வைத்திருப்பார்கள். அழைத்தால் மறுமுனையில் கனிவான குரல் பேசும். பழுதைச் சரிசெய்வதாகக் கூறி, தொலைவிலிருந்தே உங்கள் திரையைக் காணவும் இயக்கவும் உதவும் செயலியை நிறுவச் சொல்லும். பிறகு ஓடிபி-யைக் கேட்கும். நாமே அழைத்த எண் என்பதால் ஐயமும் எழாது.

எனவே சேவை எண்ணை டெபிட் கார்டின் பின்புறத்திலிருந்தோ பாஸ்புத்தகத்திலிருந்தோ மட்டுமே எடுங்கள். கடவுச்சொல், பின் எண், ஓடிபி ஆகியவற்றை வங்கி ஊழியர் எவரும் கேட்கமாட்டார்.

பணம் செலுத்தும்போது பக்கம் பாதியில் நின்றுவிட்டால், உடனே மறுமுறை செலுத்தாதீர்கள். கணக்கில் பணம் கழிக்கப்பட்டுள்ளதா என்பதை மொபைல் செயலியிலோ ஏடிஎம்மிலோ முதலில் பார்த்துவிடுங்கள்.

ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் வெட்கப்பட்டுத் தாமதிக்காதீர்கள். உடனே வங்கிக்குத் தெரிவியுங்கள். தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930-ஐயும் அழையுங்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த மோசடியிலும், வங்கிக்குத் தெரிவித்த பின் நிகழும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை வகுத்த நெறி. தெரிவிக்கும்வரை நிகழும் இழப்போ வாடிக்கையாளரைச் சேரும். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது.

இன்றே ஒரு சிறு தாளில் வங்கியின் சரியான இணைய முகவரி, கார்டிலுள்ள சேவை எண், 1930 ஆகிய மூன்றையும் எழுதிக் கணினியின் அருகில் ஒட்டி வையுங்கள். கடைசி நாள் இரவில் வட்டம் சுழலும்போது, தேடுபொறியை நாடாமல் அந்தத் தாளைப் பாருங்கள். மொபைல் செயலி, யுபிஐ, மறுநாள் காலையில் திறக்கும் கிளை என வேறு வழிகளும் உண்டு. ஒரு நாள் தாமதத்துக்கான அபராதத்தைக் கட்டிவிடலாம். மோசடியில் போன சேமிப்பை மீட்பது அத்தனை எளிதன்று.