மண்ணுக்குள் கிடைத்த 'குரங்கின் எலும்பு'

செம்பனைக் கன்று நடக் குழி வெட்டுகிறீர்கள். இரண்டடி ஆழம் போயிருக்கும். மண்வெட்டி 'ணங்' என்று எதிலோ மோதுகிறது. கல் என்று நினைத்துக் குனிந்தால், கல் அல்ல. துருவேறிய நீள இரும்பு. ஒரு முனை முட்டி போலத் தடித்து, அதில் ஓர் ஓட்டை. மறுமுனை தட்டையாக ஒடுங்கியிருக்கிறது. பாராங்கத்தியும் இல்லை, கடப்பாறையும் இல்லை. பக்கத்தில் நிற்பவர், "பழைய இரும்புக் கடைக்குப் போட்டால் தேநீர்ச் செலவுக்காவது ஆகும், எடுத்து வைங்க அண்ணே!" என்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள். அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் இந்தக் கதையைக் கேட்டுவிடுங்கள்.

பேராவிலும் பகாங்கிலும் சிலாங்கூரிலும் ஈயம் தோண்டியவர்களுக்கும் நிலம் திருத்தியவர்களுக்கும் இப்படிப்பட்ட இரும்புகள் அவ்வப்போது கிடைத்து வந்திருக்கின்றன. கிராமத்து மலாய்க்காரர்கள் இவற்றுக்கு வைத்த பெயர் 'தூலாங் மாவாஸ்'. தூலாங் என்றால் எலும்பு. மாவாஸ் என்பது காட்டில் வாழும் பெரிய குரங்கு. அந்தக் குரங்குக்கு முன்கை எலும்பு இரும்பால் ஆனது, அது செத்த பிறகு சதை மக்கி இரும்பு மட்டும் மண்ணில் தங்கிவிட்டது என்று பெரியவர்கள் சொன்னார்கள். சிரிக்காதீர்கள்! கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு முனை மூட்டுப் போலவும் தண்டு கைநீளமாகவும் தோன்றும். செய்தவன் யார் என்று தெரியாத பொருளுக்கு நம் ஊர்ப் பாட்டிமாரும் இப்படித்தானே ஒரு கதை கட்டியிருப்பார்கள்?

உண்மையில் அது கருவி. அந்த ஓட்டை, மரக்காம்பு செருகுவதற்காக வைத்தது. தட்டையான முனைதான் வெட்டும் வாய். கோடரி, கத்தி, அரிவாள் என்று பல வடிவங்களில் இவை கிடைத்திருக்கின்றன. நம் கையிலுள்ள கோடரியைப் போலக் குட்டையாக இல்லாமல், காம்புத் துளைக்கும் வாய்க்கும் இடையே நீண்ட தண்டு இருப்பதுதான் இவற்றின் அடையாளம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இரும்புக் காலத்தைச் சேர்ந்தவை இவை என்பது ஆராய்ச்சியாளர் கணிப்பு.

இது எப்படித் தெரிந்தது? கல்லறைகளால்தான். தெற்குப் பேராவில் சுங்கை, சிலிம், பெர்ணம் ஆற்றுப் பக்கங்களில் கருங்கல் பலகைகளைப் பெட்டி போல நிறுத்திக் கட்டிய பழைய கல்லறைகள் இருக்கின்றன. 1920களில் ஐ.எச்.என். எவன்ஸ் என்ற அருங்காட்சியக அதிகாரியும், 1930களில் எச்.டி. காலிங்ஸ் என்பவரும் இவற்றை ஆராய்ந்தார்கள். உள்ளே பானைகளும், கண்ணாடி மணிகளும், சிவந்த கல்மணிகளும், அவற்றோடு இதே இரும்புக் கருவிகளும் இருந்தன. குரங்குக் கதை அத்தோடு முடிந்தது. யாரோ ஒரு குடும்பம், இறந்துபோன தன் ஆளோடு அவர் உழைத்த கருவியையும் சேர்த்துப் புதைத்திருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இரும்பை மட்டும் பார்த்து இதைச் சொல்லிவிட முடியவில்லை. கல் எங்கே இருந்தது, மணி எங்கே இருந்தது, எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் சேர்ந்தபோதுதான் விடை கிடைத்தது. உருவி எடுத்த இரும்பு வெறும் இரும்புதான். இந்த நாளில் உலோகம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு காட்டிலும் ஆற்றோரத்திலும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். 'பீப்' என்றதும் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். அந்தக் குழியோடு பாதிக் கதை போய்விடுகிறது. பழம்பொருள் தேடி அனுமதியின்றி அகழ்வது சட்டப்படி குற்றமும்கூட.

தோட்டத்து மண்ணில் கிடைப்பதெல்லாம் பழம்பொருள் என்றும் எண்ணிவிடாதீர்கள். தண்டவாள ஆணியாக இருக்கலாம், தள்ளுவண்டிச் சக்கரமாக இருக்கலாம், ஈயக் கப்பலின் வாளித் துண்டாக இருக்கலாம். பிடிக்கும் இடத்தில் ஒரே அளவான மரை, அச்சு எழுத்து, எண் இருந்தால் அது ஆலையில் செய்தது. கரடுமுரடாக, குமிழ் குமிழாக, கனமாக ஒரு கட்டி கிடைத்தால் அது இரும்புக் கிட்டமாக இருக்கலாம். அதையும் அலட்சியம் செய்யாதீர்கள். கெடாவில், நம் முன்னோர் கடாரம் என்று சொன்ன பகுதியில், சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது இரும்பு உருக்கிய இடங்களும், உலைக்குக் காற்று ஊதிய களிமண் குழாய்களும் குவியலாகக் கிடைத்தன.

இன்னொரு வகை இரும்பும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பிள்ளைகள் உள்ள வீட்டார் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1941 முதல் 1945 வரை ஜப்பானியர் போர். 1948 முதல் 1960 வரை அவசரகாலம். வெடிக்காத குண்டுகள் இன்றும் மண்ணுக்குள் கிடக்கின்றன. பூசணிப் பிஞ்சு போல உருண்டு, வால்பக்கம் தகடுகள் உள்ளதா? ஒரு முனை கூராக, உருளையாகக் கனக்கிறதா? தொடாதீர்கள், தட்டாதீர்கள், லயத்துக்குத் தூக்கி வராதீர்கள். துருப்பிடித்தால் வெடிக்காது என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். அடையாளத்துக்கு ஒரு குச்சியைத் தள்ளி நட்டுவிட்டு, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, 999க்குப் போன் செய்யுங்கள். பழைய இரும்பு பொறுக்கும் பையன்களிடம் இதை இன்றே சொல்லி வையுங்கள்.

சரி, குண்டு இல்லை, பழங்கருவி போலத்தான் தெரிகிறது. என்ன செய்வது? சுத்தியலால் தட்டித் துருவை உதிர்க்காதீர்கள். பல இடங்களில் துருவே அதன் உருவத்தைத் தாங்கி நிற்கிறது. புளி, எலுமிச்சை, அமிலம் எதுவும் வேண்டாம். கழுவவும் வேண்டாம், எண்ணெயும் பூச வேண்டாம். மண்ணுக்குள் நூற்றாண்டுகள் இருந்த இரும்பு, வெளிக்காற்றும் ஈரமும் பட்டால் விரைவில் பொரிந்து உதிரும். ஆகவே இன்னும் எடுக்கவில்லையென்றால் அப்படியே விட்டு மேலே மண்ணைப் போடுங்கள். எடுத்துவிட்டிருந்தால் உலர்ந்த காகிதத்தில் சுற்றி ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, இப்படிப்பட்ட பொருளைக் கண்டெடுத்தவர் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். மாவட்ட அலுவலகம் எங்கே என்பது நம் எல்லாருக்கும் தெரியும். தயக்கமாக இருந்தால் கிராணியையோ பள்ளி ஆசிரியரையோ துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன்னால் பிள்ளையின் பள்ளிக் கொப்பியில் ஒரு தாள் கிழித்து எழுதிக்கொள்ளுங்கள்: எந்தத் தோட்டம், எந்த நம்பர் காடு, எத்தனையாவது வரிசை, எவ்வளவு ஆழம், என்ன தேதி, பக்கத்தில் கல்லோ ஓடோ மணியோ கிடந்ததா. படம் எடுக்கும்போது அளவு தெரிய அருகில் ஒரு அடிக்கோல் வையுங்கள். அடிக்கோல் இல்லையென்றால் பால்வெட்டும் கத்தி போதும். அதன் நீளத்தை வீட்டுக்கு வந்து அளந்துகொள்ளலாம்.