உங்களுக்குத் தெரியுமா? மொரிஸ் மைனர் தன் வயதைச் சொல்லும்

இலங்கையின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்றும் கண்ணில்படும் மொரிஸ் மைனர், 1948 முதல் 1971 வரை பிரித்தானியாவில் தயாரான கார். அதன் வயதையும், எந்தப் பாகம் பின்னாளில் மாற்றப்பட்டது என்பதையும் அதன் உடலிலேயே வாசிக்கலாம்.

இலக்கத்தகடு: ஆங்கில எழுத்துகள் இருந்தால், 1950களின் இறுதியில் ‘ஸ்ரீ’ எழுத்து வருவதற்கு முன் பதிவான வண்டி.

முன்கண்ணாடி: நடுவே பிரிந்த இரட்டைக் கண்ணாடி 1956 வரை, பிறகு வளைந்த ஒற்றைக் கண்ணாடி.

எஞ்சின்: தொடக்கத்தில் 918 சிசி, 1952 முதல் 803, 1956 முதல் 948, 1962 முதல் 1098. இரட்டைக் கண்ணாடி வண்டியில் 1098 இருந்தால், எஞ்சின் பின்னாளில் மாற்றப்பட்டது.

பொனட்: நடுவில் ஓடும் தட்டையான பட்டி எல்லா மைனரிலும் உண்டு, அது ஒட்டுவேலை அன்று. வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் மாதிரி வண்டியை நெடுக்காகப் பிளந்து 4 அங்குலம் அகலமாக்கியதன் தடம் அது.

1960களிலும் 70களிலும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியதால், புதிய கார் வாங்க வழியின்றிப் பழையவற்றையே பழுதுபார்த்து ஓட்டினர். அந்தக் கைத்திறனால், 1990களில் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகின.