இருப்பு எங்கே இருக்கிறது?

ஐம்பது ஆண்டுக்கு முந்திய திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில், இன்னும் எத்தனை நாளைக்கு அடுப்பெரியும் என்பதைக் கொல்லைப்புறத்துக்குப் போய்ப் பார்த்தாலே சொல்லிவிடலாம். அங்கே விறகுப்புரை இருக்கும். இடவப்பாதி மழை இறங்குவதற்குள் புளிய விறகும் தென்னமட்டையும் சிரட்டையும் கூரை முட்ட அடுக்கியாக வேண்டும். ஜூன் மாதத்தில் நனையாத விறகு இருந்த வீட்டில்தான் நேரத்துக்குச் சோறு. அடுக்களை மூலையில் ரேஷன் மண்ணெண்ணெய் டின் ஒன்றும், அவசரத்துக்கு ஒரு திரி ஸ்டவ்வும் இருக்கும்.

சிலிண்டர் வந்தபிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. இந்தியன் ஆயில் நிறுவனம் தன் முதல் இந்தேன் இணைப்பை 1965 அக்டோபரில் கல்கத்தாவில் கொடுத்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. இணைப்புக்கு நாடாளுமன்ற உறுப்பினரின் கூப்பன் தேடி அலைந்தவர்களும் உண்டு. இரண்டாவது சிலிண்டர் கிடைத்த வீட்டில் அது நகைப் பெட்டிக்கு அடுத்த சொத்து. புதுச் சிலிண்டர் மாட்டிய தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பார்கள். 14.2 கிலோ எத்தனை நாள் வரும் என்று அந்த வீட்டுப் பெண்களுக்கு அத்துப்படி.

இப்போது குழாய் வருகிறது. திருவனந்தபுரத்தின் வடமேற்கே, கொச்சுவேளியில் உள்ள நிலையத்திலிருந்து கிளம்பும் இயற்கை எரிவாயு, கடலோர வார்டுகளைத் தாண்டிக் கோட்டைப் பக்கத்துக் குடியிருப்புகளை நோக்கி நகர்கிறது. கோட்டை வட்டாரத்தில் அத்தை வீட்டுக்கு இணைப்புக் கொடுத்த அன்று நான் அங்கிருந்தேன். வந்த இளைஞர் பர்னரைக் கழற்றி, உள்ளிருந்த பித்தளை ஜெட்டை எடுத்துவிட்டுத் துளை பெரிதான வேறொன்றைத் திருகினார். சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி.யைவிட இயற்கை எரிவாயுவுக்கு அதே கனஅளவில் வெப்பம் குறைவு. அதே தீ எரிய வேண்டுமென்றால் கூடுதல் வாயு வந்தாக வேண்டும், அதனால்தான் பெரிய துளை. இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது. கசிந்தால் மேலே ஏறிக் கலைந்துவிடும். எல்.பி.ஜி. தரையோடு தேங்கும். ஜன்னலைத் திறந்து வைக்கும் பழக்கத்தை விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் மீட்டரைப் பூட்டினார்.

அத்தை ஒன்றுதான் கேட்டாள். “எல்லாம் சரி. திடீர்னு ஒரு நாள் இதுல வரலைன்னா என்ன பண்றது?”

வராமல் இருக்காது அம்மா என்றார் அவர். அவர் வேலைக்கு அது போதுமான பதில். அத்தையின் கேள்விக்குப் போதாது. விறகுப்புரை நிறைந்திருக்கிறதா என்று பார்த்தே வளர்ந்தவள், வீட்டில் இருப்பு இல்லாமல் போனதைத்தான் கேட்டாள். அந்த இருப்பு இப்போது யார் கையில் இருக்கிறது?

குழாயைப் பின்தொடர்ந்து போனால் பதில் கிடைக்கும். கொச்சுவேளிக்கு வாயு குழாய் வழியே வருவதில்லை. கேரளத்தில் கொச்சிக்குத் தெற்கே பெருங்குழாய் கிடையாது. கொச்சியை ஒட்டிய புதுவைப்பு முனையத்திலிருந்து லாரிகளில், மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்ந்த திரவமாக வருகிறது. குளிர்வித்தால் வாயு அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும் என்பதால்தான் கப்பலும் லாரியும் இதைச் சுமக்க முடிகிறது. கொச்சுவேளியில் அதை மீண்டும் வாயுவாக்கி, கசிவு தெரிவதற்காக வாசனை சேர்த்துக் குழாயில் விடுகிறார்கள். ஆக, இந்த ஊரின் கையிருப்பு என்பது கொச்சுவேளித் தொட்டியும், தேசிய நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருக்கும் லாரியும்.

புதுவைப்பின் கதை பொறுமையைச் சோதிப்பது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் பெட்ரோநெட் முனையம் 2013-இல் இயங்கத் தொடங்கியது. வாயுவை எடுத்துப் போகக் குழாய் இல்லாததால் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் சும்மாவே கிடந்தது. பெங்களூரு நோக்கிய குழாயைக் கொங்கு மண்டல விவசாயிகள் தங்கள் வயல்களில் பதிக்க விடவில்லை. 2017-இல் கோழிக்கோட்டின் முக்கத்தில் குழாய்க்கு அஞ்சி மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஆந்திரத்தின் நகரம் என்ற கிராமத்தில் 2014 ஜூனில் பொதுத்துறை நிறுவனமான கெயிலின் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பார்த்த பிறகு, அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க என்னால் முடியாது. கொச்சி–மங்களூரு குழாய், 450 கிலோமீட்டர், 2021 ஜனவரி 5 அன்றுதான் திறக்கப்பட்டது. காயங்குளத்தில் நாப்தாவில் ஓடிய மின்நிலையத்தை வாயுவுக்கு மாற்றும் திட்டம் இன்றுவரை கைகூடவில்லை.

நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தாலும் நிலைமை இதேதான். அறுபதுகளில் அசாமிலும் குஜராத்திலும் கிடைத்தது அக்கம்பக்கத்து ஆலைகளுக்கே சரியாக இருந்தது. 1974-இல் பம்பாய் ஹை வயல் கிடைத்தபோது எண்ணெயோடு வந்த வாயுவில் பெரும் பங்கைக் கடல் நடுவே எரித்துத் தீர்த்தார்கள். கொண்டு வரக் குழாய் இல்லை, வைக்க இடமும் இல்லை. 1984-இல் கெயில் பிறந்து, ஹஜீராவிலிருந்து ஜகதீஷ்பூர் வரை குழாய் போட்ட பிறகுதான் வடநாட்டு யூரியா ஆலைகளுக்கு வாயு போனது. இன்றும் நாட்டின் வாயுவில் மிகப் பெரிய பங்கு உரத்துக்கே. 2009-இல் கிருஷ்ணா–கோதாவரிக் கடலில் கே.ஜி.-டி6 வயல் பொங்கியது. அடுத்த ஆண்டே நாளொன்றுக்குச் சுமார் 6 கோடி கன மீட்டர். அதை நம்பி மின்நிலையங்கள் கட்டினார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் வயல் கால்பங்காகச் சரிந்தது. சுமார் 14,000 மெகாவாட் திறன் வாயு கிடைக்காமல் முடங்கியது. இப்போது நாம் எரிப்பதில் ஏறக்குறைய பாதி கப்பலில் வருகிறது.

விலை எப்படி ஆடும் என்பதை இரண்டே ஆண்டுகள் காட்டிவிட்டன. ஆசியச் சந்தையில் ஓர் அலகு வாயு 2020 கோடையில் 2 டாலரை ஒட்டி இருந்தது, 2022-இல் 70 டாலரையும் தாண்டியது. அந்த ஆண்டு, ரஷ்ய காஸ்ப்ராமின் கையிலிருந்து ஜெர்மனியின் கைக்கு மாறிய ஒரு நிறுவனம், கெயிலுக்குத் தர வேண்டிய சரக்கை நிறுத்திவிட்டது. இங்கே ஆலைகளுக்கு வாயுவைப் பங்கிட வேண்டி வந்தது. ஐரோப்பாவுக்கும் அதே நெருக்கடிதான். ஆனால் அவர்களிடம் நிலத்தடிச் சேமிப்பு இருந்தது. தீர்ந்துபோன வாயு வயல்களிலும் உப்புக் குகைகளிலும் கோடையில் நிரப்பிக் குளிர்காலத்தில் எடுக்கிறார்கள். ஸ்ரீவராகம் கோயில் குளத்தை வெட்டியவர்கள் மழையைக் கோடைக்கு வைத்தது போல.

நமக்கு அப்படி ஒன்று கூடக் கிடையாது. கச்சா எண்ணெய்க்கு விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் பாறைக் குகைகளில் 53.3 லட்சம் டன் இடம் இருக்கிறது. எல்.பி.ஜி.க்கும் விசாகப்பட்டினத்தில் 60,000 டன் குகை உண்டு. இயற்கை எரிவாயுவுக்கு முனையத்துத் தொட்டிகள் மட்டுமே. அவற்றில் திரவம் நாள்தோறும் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் பத்திரப்படுத்தும் இடமல்ல அது.

எரிசக்தியில் வாயுவின் பங்கை 2030-க்குள் 15 சதவீதமாக்குவது இலக்கு. இன்று அது 7 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கிறது. கத்தாரோடு 2024-இல் புதுப்பித்த ஒப்பந்தம், ஆண்டுக்கு 75 லட்சம் டன் வீதம் 2048 வரை நீள்கிறது. வாங்குவதற்கு இவ்வளவு தொலைநோக்கோடு திட்டமிடுகிற அரசு, வைப்பதற்கும் அதே கவனத்தைக் காட்ட வேண்டும் என்று கேட்கிறேன். குஜராத்தில் அறுபதுகளிலிருந்து உறிஞ்சி வற்றிய வயல்களை நிலத்தடிக் கிடங்காக்க முடியுமா என்று ஒவ்வொன்றாக ஆராய வேண்டும். புதுவைப்பின் திறன் இன்னும் முழுதாகப் பயன்படவில்லை, அங்கே கூடுதல் தொட்டி கட்டலாம். குழாய் இணைப்பு பெருகும் வேகத்தில் இதுவும் பெருகாவிட்டால், கடலில் ஒரு கப்பல் தாமதமாகும் வாரத்தில் மாற்று அடுப்பு இல்லாமல் நிற்பது சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்த வீடுகள்தான்.