தகடா, போல்ட்டா? இயந்திரத்தின் வாயை இறுக மூடுவது எது?

மாணவர்களே, சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தொழிற்கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பம் பயில்பவர். கையில், பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு மெல்லிய தகடு. அதில் நான்கு பெரிய வட்டத் துளைகள். இரண்டாவது துளைக்கும் மூன்றாவது துளைக்கும் நடுவே கருகி அரித்துப் போயிருந்தது.

"டீச்சர், இது ரெண்டாவது. சூப்பர்சார்ஜர் போட்டதுல இருந்து கேஸ்கட் நிக்கவே மாட்டுது. அடுத்தது இன்னும் விலை கூடினதா வாங்கப் போறேன்," என்றார். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணம் அது.

"வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?" என்றேன். அந்தக் கணக்கை நீங்களும் போடலாம்.

மூடியைத் தூக்கும் விசை

கார் இயந்திரத்தின் அடிப்பகுதியில் சிலிண்டர்கள் உள்ளன. அவற்றினுள் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. மேலே மூடிபோல் அமர்ந்திருப்பது சிலிண்டர் ஹெட். இரண்டுக்கும் இடையே இருக்கும் தகடுதான் கேஸ்கட். எரியும் வாயு வெளியே கசியக் கூடாது. குளிரூட்டும் நீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. இவையே அதன் வேலை.

சாதாரண இயந்திரம் வளிமண்டல அழுத்தத்தில், அதாவது ஏறக்குறைய 100 கிலோபாஸ்கலில், காற்றை உள்ளிழுக்கிறது. சூப்பர்சார்ஜர் என்பது இயந்திரத்தின் சுழற்சியாலேயே இயங்கும் ஒரு காற்றுப் பம்பு. அது மேலும் 50 கிலோபாஸ்கல் அழுத்தத்தைச் சேர்த்தால், ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போகும். அதற்கேற்ப எரிபொருளும் கூடும். எரியும்போது எழும் அழுத்தமும் கூடும்.

இப்போது கணக்கு. சிலிண்டரின் விட்டம் 80 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பளவு சுமார் 0.005 சதுர மீட்டர். எரிப்பின் உச்ச அழுத்தம் 6 மெகாபாஸ்கல் என்றால், விசை = அழுத்தம் × பரப்பளவு = 30,000 நியூட்டன். ஏறக்குறைய 3 டன் எடைக்குச் சமமான விசை மூடியை மேலே தள்ளுகிறது. அழுத்தம் ஒன்றரை மடங்கானால் அது 45,000 நியூட்டன், அதாவது நாலரை டன். இயந்திரம் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும்போது, ஒவ்வொரு சிலிண்டரிலும் இந்த அடி விநாடிக்கு 25 முறை விழுகிறது!

பிடித்து நிறுத்துவது எது?

இந்த விசையை மெல்லிய தகடு தடுத்து நிறுத்த முடியுமா? முடியாது. தடுப்பவை ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். போல்ட்டை முறுக்கும்போது அது மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட சுருள்வில் சுருங்கத் துடிப்பதுபோல, நீண்ட போல்ட்டும் சுருங்க முயன்று ஹெட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. வாயு தள்ளும் விசையைவிட இந்தப் பிடிப்பு விசை எப்போதும் நன்றாகவே கூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஹெட் மயிரிழை அளவு மேலெழும். அந்த இடுக்கில் பாயும் தீயில் கேஸ்கட் கருகும். ஆக, கருகிய தகடு குற்றவாளி அன்று, பாதிக்கப்பட்ட தரப்பு!

"போல்ட் புதுசா?" என்று கேட்டேன். "பழசுதான் டீச்சர். ஆனா டார்க் ரென்ச் வெச்சு, புத்தகத்துல உள்ள அளவுக்கே முறுக்கினேன்."

இங்கே இரண்டு சிக்கல்கள். முதலாவது, நாம் முறுக்கும் விசையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. மற்றதெல்லாம் உராய்வுக்கே போய்விடும். மரையில் துருவோ அழுக்கோ இருந்தால் ரென்ச் சரியான எண்ணைக் காட்டும். பிடிப்போ குறைவாக இருக்கும். இரண்டாவது, இன்றைய கார்கள் பலவற்றின் ஹெட் போல்ட்டுகள் மீள்தன்மை எல்லையைத் தாண்டும் வரை இறுக்கப்படுபவை. அவற்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம்.

வெப்பம் செய்யும் சேட்டை

பல இயந்திரங்களில் ஹெட் அலுமினியம், அடிப்பகுதி வார்ப்பிரும்பு. அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 40 சென்டிமீட்டர் நீள ஹெட்டின் வெப்பநிலை 80 டிகிரி உயர்ந்தால், இரண்டின் விரிவிலும் 0.4 மில்லிமீட்டர் அளவுக்கு வேறுபாடு வரும். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் கேஸ்கட் இப்படித் தேய்க்கப்படுகிறது. அளவுக்கு மீறிச் சூடேறினால் ஹெட்டே வளைந்துவிடும். பொதுவாக 0.05 மில்லிமீட்டர் வளைவே கவலைக்குரியது. அது உங்கள் பயிற்சித் தாளின் தடிப்பில் பாதிதான்!

இன்னோர் எதிரி, எரிபொருள் தானாகவே திடீரென வெடிக்கும் 'நாக்கிங்'. அழுத்தப்பட்ட காற்று சூடாக இருப்பதால் சூப்பர்சார்ஜர் இயந்திரத்தில் இந்த ஆபத்து அதிகம். காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும், ரோன் 97 போன்ற உயர்ரகப் பெட்ரோலும் இதைத் தடுக்க உதவும்.

கேஸ்கட்டே இல்லாத கார்

1929இல் இங்கிலாந்தில் அறிமுகமான 'புளோவர்' பென்ட்லி, சூப்பர்சார்ஜர் பொருத்திய புகழ்பெற்ற கார். அதில் ஹெட் கேஸ்கட் கருகியதே இல்லை. காரணம், அதில் ஹெட் கேஸ்கட்டே கிடையாது! சிலிண்டர்களும் ஹெட்டும் ஒரே வார்ப்பிரும்புத் துண்டாக வார்க்கப்பட்டவை. ஆனால் வால்வுகளைச் சீர்செய்ய வேண்டுமானால் அந்தக் கனமான துண்டு முழுவதையும் கழற்றித் தூக்க வேண்டும். ஒரு தொல்லை போய் இன்னொரு தொல்லை வந்தது.

இன்று பல எஃகுத் தகடுகளை அடுக்கிய கேஸ்கட்டுகள் உள்ளன. சிலிண்டரைச் சுற்றி மேடாக அழுத்தப்பட்ட விளிம்பு, வில்லைப்போல் மீண்டெழுந்து இடுக்கை அடைக்கிறது. பந்தயக் கார்கள் சிலவற்றில் செப்புத் தகட்டுக்கு அடியில், சிலிண்டரைச் சுற்றி வெட்டிய பள்ளத்தில் எஃகுக் கம்பி வளையத்தைப் பதிப்பார்கள். விசை அதே அளவுதான். பரப்பளவு குறைவதால் அந்தக் கோட்டில் அழுத்தம் கூடுகிறது. நாம் போட்ட அதே சூத்திரம்!

அந்த மாணவர் என்ன செய்தார்? ஹெட்டைப் பட்டறையில் அளந்து பார்த்தபோது நடுவில் வளைந்திருந்தது. அதைச் சமப்படுத்தினார். மரைகளைச் சுத்தம் செய்து, புதிய போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் படிப்படியாக இறுக்கினார். சூப்பர்சார்ஜரின் அழுத்தத்தையும் குறைத்தார். கேஸ்கட்? முன்பு வாங்கிய அதே வகைதான். இதை எழுதும்வரை அது தாங்கி நிற்கிறது.

வீட்டில் செய்து பாருங்கள்: நான்கு பக்கமும் பூட்டும், மூடியில் ரப்பர் வளையமும் உள்ள உணவு டப்பாவில் நீர் நிரப்பி மூடுங்கள். கழுவுதொட்டியின் மேல் கவிழ்த்து, பக்கங்களை அமுக்குங்கள். பிறகு ஒரு பூட்டை மட்டும் திறந்து மறுபடியும் அமுக்குங்கள். நீர் எந்தப் பக்கம் கசிகிறது? ரப்பர் வளையம் மாறவில்லையே. அப்படியானால் மாறியது என்ன?